ஒரு சுரமும் மாறாத கேலி

மனைவியைப் பறிகொடுத்த கணவன் தேவலோகத்தில் வந்து நிற்கிறான். "என் யூரிடிசியை என்னிடமிருந்து பறித்துவிட்டார்கள்" என்று பாடத் தொடங்குகிறான். மெட்டு ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. 1762-ல் வியன்னாவில் குளுக் என்ற இசையமைப்பாளர் போட்டது. பிறகு பாரிஸுக்கும் வந்து, ஏறக்குறைய நூறு வருடமாகக் கேட்டவர்களைக் கலங்க வைத்துக்கொண்டிருந்தது. பாடுகிறவர் குரலைக் கோணலாக்கவில்லை, முகத்தை அஷ்டகோணலாக்கவும் இல்லை. குளுக் எழுதியதையே பாடுகிறார். ஆனால் 1858 அக்டோபர் 21 அன்று பாரிஸில் பூஃப்-பாரிசியன் என்ற சின்ன அரங்கில் மேடையேறிய 'நரகத்தில் ஆர்ஃபியஸ்' என்ற இந்த நாடகத்தில், அது விழுந்து விழுந்து சிரிப்பதற்கென்றே வைக்கப்பட்ட இடம்.

காரணம் அதற்கு முன்னால் நடந்தவை. கிரேக்கப் புராணத்தில் ஆர்ஃபியஸ், இறந்த மனைவி யூரிடிசியைத் தேடிப் பாதாளம்வரை போன யாழ்க் கலைஞன். இசையமைப்பாளர் ஜாக் ஆஃபன்பாக்கின் ஆர்ஃபியஸ் அப்படி யாழ் மீட்டும் தெய்வீகக் கலைஞன் இல்லை. தீப்ஸ் நகரத்து வயலின் வாத்தியார். அவருக்கு மனைவியைப் பிடிக்காது, மனைவிக்கு அவர் வயலினைப் பிடிக்காது. சண்டை முற்றும்போது தன் புதிய கச்சேரி உருப்படியை வாசித்துக் காட்டி அவளைப் பழிவாங்குகிறார். அது ஒன்றேகால் மணி நேரம் ஓடும் என்று வேறு சொல்கிறார். பாதாளத்தின் அதிபதி புளூட்டோ, தேன் வியாபாரி வேடத்தில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று தெரிந்ததும் ஆர்ஃபியஸுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்போதுதான் ஓர் அம்மாள் குறுக்கே வந்து நிற்கிறாள். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று நாம் சொல்கிறோமே, அந்த நாலு பேரையும் ஒரே ஆளாக்கி மேடையில் நடமாட விட்டிருக்கிறார்கள். புராணத்தில் கணவன் மனைவியைத் தேடிப் போயிருக்கிறான், நீயும் போயாக வேண்டும், வருங்காலம் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று மிரட்டி, ஆளை இழுத்துக்கொண்டு ஒலிம்பஸ் மலைக்கே வந்துவிடுகிறாள். அவள் பக்கத்தில் நிற்கும் பயத்தில்தான் அவர் குளுக்கின் புலம்பலைப் பாடுகிறார். ஒப்புக்கு அழுகிற ஆள், உலகத்தின் மிக உண்மையான அழுகையைக் கடன் வாங்கி அழுகிறார். கேட்ட தேவர்கள் உருகிப்போய்க் கூடச் சேர்ந்து பாடுகிறார்கள்.

எனக்கு ஓபராக் கேலிகளின் மேல், அதாவது பாட்டாலேயே கதை சொல்லும் மேல்நாட்டு இசைநாடகத்தைக் கேலி செய்யும் படைப்புகளின் மேல், பைத்தியம் பிடித்தது இந்த இடத்தால்தான். பகடி என்றதும் மூலத்தைக் குட்டிச்சுவராக்குவது, சுருதி விலகிப் பாடுவது, குண்டான அம்மாவைக் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு நிறுத்துவது என்றெல்லாம் நினைவுக்கு வரும். அதெல்லாம் இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது. ஆனால் முந்நூறு வருடக் கேலியில் இன்றும் உயிரோடு இருப்பவற்றை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் இசையின் மேல் கை வைத்திருக்க மாட்டார்கள். பாடுகிற ஆளை மாற்றியிருப்பார்கள். அல்லது பாடுகிற நேரத்தை, அல்லது வேகத்தை. அவ்வளவுதான் மாற்றம்.

குளுக்கின் அந்தப் பாட்டிலேயே இதற்கான வாசல் திறந்து கிடந்தது. அது மேஜர் ஸ்கேலில், நம் கணக்கில் சங்கராபரணத்தின் சுரங்களில், அமைந்த புலம்பல். சோகத்துக்கு மைனர் என்ற ஐரோப்பிய வழக்கத்துக்கு நேர் எதிர். குளுக்கின் காலத்திலேயே போயே என்ற ஒருவர், "என் யூரிடிசியை இழந்தேன்" என்பதற்குப் பதில் "என் யூரிடிசி கிடைத்துவிட்டாள்" என்று போட்டாலும் இந்த மெட்டு அப்படியே பொருந்தும் என்று எழுதிவிட்டார். 1854-ல் வியன்னா விமர்சகர் எடுவார்ட் ஹான்ஸ்லிக், இசைக்குத் தன்னளவில் சோகமோ சந்தோஷமோ கிடையாது என்று வாதாடிய தன் நூலில் இதை எடுத்துக்காட்டாக்கினார். ஹான்ஸ்லிக் தத்துவமாகச் சொன்னதை நான்கே வருடத்தில் ஆஃபன்பாக் மேடையில் ஆளை நிறுத்திச் செய்து காட்டிவிட்டார். ஹான்ஸ்லிக்கின் முடிவை நான் முழுக்க ஏற்கவில்லை. உண்மையான ஆர்ஃபியஸ் பாடும்போது அந்த மேஜர் சுரங்கள்தான் எனக்குத் தொண்டையை அடைக்கின்றன. அதே சுரங்கள் ஆஃபன்பாக்கிடம் சிரிப்பு மூட்டுவதும் அதே அளவுக்கு நிஜம்.

இந்த நாடகத்தைச் சுற்றி நடந்த ஒரு சண்டையும் இதே ரகம். ஷூல் ஜானேன் என்ற பெரிய விமர்சகர், புனிதமான பண்டைய கிரேக்கத்தை அவமதித்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் கொதித்து எழுதினார். வசனம் எழுதியவர்களில் ஒருவரான எக்டர் கிரெமியூ நிதானமாகப் பதில் சொன்னார்: புளூட்டோ பேசும் ஆடம்பரமான வசனம் ஒன்று, எழுத்துக்கு எழுத்து ஜானேனின் பழைய கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது. விமர்சகரின் நடையைக் கேலி செய்ய அவர்கள் எதையும் புதிதாக எழுதவில்லை. அதைப் பாதாள ராஜாவின் வாயில் வைத்தார்கள். ஊரே சிரித்தது, டிக்கெட் விற்பனை எகிறியது, முதல் சுற்றிலேயே 228 காட்சிகள் ஓடின.

தேவர்கள் அமுதமும் தேனும் சாப்பிட்டு அலுத்துப்போய் ஜுபிட்டருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்யும் காட்சியில் 'மார்செய்யேஸ்' மெட்டு தலைகாட்டுகிறது. மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் அந்தப் புரட்சிப் பாட்டுக்குப் பொது இடத்தில் அனுமதி இல்லை. ஆனால் வெறும் சாப்பாட்டுப் பிரச்சினைக்காகத் தேவர்கள் பாடுவதை யார் தடுப்பது? சக்கரவர்த்தியே 1860-ல் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கடைசிக் காட்சியில் நரகத்தில் ஒரு குதியாட்டம் வரும். கான்-கான் நடனம் என்று உலகம் முழுவதும் தெரிந்த மெட்டு அது. பாவாடையைத் தூக்கிக் காலை உயர்த்தும் காட்சி உடனே மனதில் வரும். 1886-ல் இசையமைப்பாளர் கமீல் சான்-சான்ஸ், நண்பர்களுக்காக எழுதிய 'விலங்குகளின் திருவிழா'வில் இதை எடுத்து ஆமைகளுக்குக் கொடுத்தார். மெட்டு அதே மெட்டு, வேகம் ஆமை வேகம். தந்தி வாத்தியங்கள் அதைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போகின்றன. கேலிக்கு நேர்ந்த கேலி. அதே தொகுப்பில் பெர்லியோஸின் தேவதைகள் நடனத்தை டபுள் பேஸ் வாத்தியத்துக்குக் கொடுத்து யானையை ஆட விட்டிருக்கிறார். 'அன்னம்' என்ற ஒன்றைத் தவிர மற்றவற்றைத் தன் ஆயுட்காலத்தில் அச்சிடக் கூடாது என்று தடையும் போட்டு வைத்தார். தீவிரமான இசையமைப்பாளர் என்ற பெயர் கெட்டுவிடும் என்ற கவலை. இன்று அவர் பெயர் சொன்னால் பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது இதுதான்.

ஓபராக் கேலி ஆஃபன்பாக்கோடு ஆரம்பித்ததில்லை. அதே பாரிஸில் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சந்தைத் திடல்களில் கூத்து நடத்தியவர்கள்தான் இதில் மூத்தவர்கள். பாடும் உரிமை முழுவதும் அரச ஓபராவிடம். வசனம் பேசும் உரிமை காமெதி-பிரான்சேஸ் நாடகக் குழுவிடம். சந்தைக்காரர்கள் பாடவும் கூடாது, பேசவும் கூடாது. அவர்கள் கண்டுபிடித்த வழி அபாரம். நடிகர்கள் வாயை மூடிக்கொண்டு அபிநயிப்பார்கள். மேலிருந்து பாட்டு எழுதிய அட்டை இறங்கும். மெட்டு ஊருக்கே தெரிந்த தெருப்பாட்டு மெட்டு. வாத்தியக்காரர்கள் எடுத்துக் கொடுக்க, கூட்டத்தில் உட்கார வைத்திருந்த ஆட்கள் தொடங்க, பார்க்க வந்த ஜனமே பாடும். நடிகர் பாடினால்தானே குற்றம்? பெரிய ஓபராவில் புதிதாக எது வந்தாலும், இங்கே அட்டையில் அதன் கேலி இறங்கும். ரூசோவின் 'கிராமத்துக் குறிசொல்லி' என்ற ஓபரா 1752-ல் வந்தது, அடுத்த வருடமே அதற்கு ஒரு பகடி. அந்தப் பகடியின் கதைதான் 1768-ல் பன்னிரண்டு வயது மோட்சார்ட்டின் கையில் ஒரு சின்ன ஓபராவாக ஆயிற்று.

இங்கிலாந்தின் கதை இன்னும் காரமானது. 1720-களின் லண்டனில் பணக்காரர்களின் கேளிக்கை இத்தாலிய ஓபரா. பாஷை புரியாது, பாடுபவர்களுக்குக் கொட்டிக் கொடுப்பார்கள். இசையமைப்பாளர் ஹாண்டல் அதன் ராஜா. பிரான்செஸ்கா குட்சோனி, ஃபாஸ்டினா போர்தோனி என்று இரண்டு நட்சத்திரப் பாடகிகளை ஒரே குழுவில் வைத்திருந்ததால், 1726-ல் எழுதிய 'அலெஸாண்ட்ரோ'வில் இருவரையும் ஒரே நாயகன்மேல் காதல் கொள்ள வைத்து, இருவருக்கும் சரிசமமாகப் பாட்டுப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. 1727 ஜூனில் ஒரு காட்சியில் இரண்டு கட்சி ரசிகர்களும் சீழ்க்கையும் கூச்சலுமாக மோதிக்கொண்டார்கள். வேல்ஸ் இளவரசி முன்னிலையிலேயே.

அடுத்த வருடம் ஜனவரி 29-ம் தேதி ஜான் கே எழுதிய 'பிச்சைக்காரனின் ஓபரா' லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கில் மேடையேறியது. மன்னர்களும் தேவர்களும் இருக்க வேண்டிய இடத்தில் திருடர்கள், வேசிகள், சிறைக் காவலர், திருட்டுப் பொருள் வியாபாரி. இத்தாலியப் பாட்டுகளின் இடத்தில் தெருவில் எல்லோரும் பாடிய மெட்டுகள். மொத்தம் 69 பாட்டு. முகவுரையில் வரும் பிச்சைக்காரக் கவி ரொம்ப மரியாதையாக மன்னிப்புக் கேட்கிறான்: இப்போதைய நாகரிகப்படி என் ஓபராவை முழுக்க இயற்கைக்கு மாறாக ஆக்க முடியவில்லை, இழுத்து இழுத்துப் பேசும் பாட்டு வசனம் இதில் இல்லை. மற்றபடி பெண்மணிகள் விரும்பும் சிறைச்சாலைக் காட்சி உண்டு, இரண்டு நாயகிகளுக்கும் பாரபட்சமில்லாமல் பங்கு பிரித்திருக்கிறேன். கேட்டவர்களுக்கு யாரைச் சொல்கிறான் என்று புரியாமலா இருக்கும். பாலியும் லூசியும் ஒரு கொள்ளைக்காரனுக்காகக் குடுமிப்பிடி போடும் பாட்டில், குட்சோனியும் ஃபாஸ்டினாவும் பெயர் சொல்லாமலே மேடையேறிவிட்டார்கள்.

நான் சொல்ல வந்த விஷயத்துக்கு நேரான சான்று இருபதாவது பாட்டு. வழிப்பறிக் கொள்ளையர்கள் மதுக்கடையில் கூடியிருக்கிறார்கள். வண்டிகள் வரும் சத்தம் கேட்கிறது, கிளம்புவோம் என்று பாடுகிறார்கள். மெட்டு, ஹாண்டலின் 'ரினால்டோ' ஓபராவில் வரும் படைநடை. 1711-ல் சிலுவைப்போர் வீரர்கள் ஜெருசலேமை மீட்கக் கிளம்பிய அதே கம்பீரம், அப்படியே துப்பாக்கியும் முகமூடியுமாகச் சாலைக்குப் போகிறது. இங்கே ஹாண்டலின் இசை ஏளனப்படவே இல்லை. திருடர்கள் வாயிலும் அது நல்ல படைநடைதான், அதனால்தான் உறைக்கிறது. பெரிய மனிதர்களும் கொள்ளையர்களும் ஒரே தாளத்தில் நடக்கிறார்கள் என்று எந்த வசனமும் சொல்லாததை அது சொல்லிவிடுகிறது. முதல் பருவத்தில் 62 காட்சிகள். ஆங்கிலத்தில் 'ரிச்' என்றால் பணக்காரர், 'கே' என்றால் அந்தக் காலத்தில் குதூகலம். அரங்க உரிமையாளர் பெயர் ரிச் என்பதால், இந்த நாடகம் கேயைப் பணக்காரராகவும் ரிச்சைக் குதூகலமாகவும் ஆக்கிவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு சிலேடை உண்டு. பிரதமர் வால்போலுக்கு இதில் தன் முகம் தெரிந்தது. இரண்டாம் பாகமான 'பாலி'யை மேடையேற விடாமல் தடை வந்தது.

இந்த ஒரு நாடகம் லண்டனில் இத்தாலிய ஓபராவைக் கொன்றுவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது நம்பும்படி இல்லை. ஹாண்டலின் குழு 1728-ல் மூடியது உண்மை. ஆனால் அது ஏற்கெனவே கடனில் தத்தளித்தது. அவர் அடுத்த வருடமே மறுபடி ஆரம்பித்து 1741 வரை ஓபரா எழுதிக்கொண்டுதான் இருந்தார். கேலியால் ஒரு கலை செத்ததாக எனக்குத் தெரிந்து உதாரணம் இல்லை. செலவால் செத்ததற்கு நிறைய உண்டு.

ஆளை மாற்றி அமைக்கும் இந்த வித்தை நமக்குப் புதிதும் இல்லை. கோபாலகிருஷ்ண பாரதியின் 'நந்தனார் சரித்திரம்' இசையும் கதையுமாக வீட்டுக்கு வீடு தெரிந்திருந்த காலத்தில், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அந்தக் காலட்சேப அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு 'கிந்தனார்' செய்தார். 1949-ல் 'நல்லதம்பி' படத்திலும் அது வந்தது. நந்தன் சிதம்பரத்துக்கு ஏங்கினான், கிந்தன் பள்ளிப் படிப்புக்கு ஏங்கினான். பாகவதர் தோரணை, இழுப்பு, இடையிடையே விளக்கம் எல்லாம் அச்சு அசல். போக வேண்டிய ஊர் மட்டும்தான் வேறு. மேல்நாட்டு ஓபராக் கேலிகளை எந்தத் தமிழரிடம் விளக்க நேர்ந்தாலும் நான் முதலில் கிந்தனாரைத்தான் சொல்வேன். பாதி விளக்கம் அதிலேயே முடிந்துவிடும்.

லண்டனில் 'பிச்சைக்காரனின் ஓபரா'வின் சாதனையை முறியடித்தது இன்று கிட்டத்தட்ட மறந்துபோன ஒன்று. 1737-ல் ஹென்றி கேரி எழுத, லாம்பே இசையமைத்த 'வாண்ட்லி டிராகன்'. முதல் பருவத்தில் 69 காட்சி. லாம்பே ஹாண்டலின் ஆர்க்கெஸ்ட்ராவில் பஸூன் என்ற குழல் வாத்தியம் வாசித்தவர், உள்ளே இருந்து பார்த்தவர். இதில் தெருப்பாட்டு கிடையாது. நிஜ இத்தாலிய பாணியில், ஆரியா எனப்படும் முறையான தனிப்பாட்டுகளோடு, ஹாண்டலே எழுதியிருக்கலாம் என்று தோன்றும்படியான இசை. கதைதான் யார்க்‌ஷர் கிராமத்துக் கதை. குழந்தைகளைத் தின்னும் டிராகனை நாயகன் கடைசியில் எப்படிக் கொல்கிறான்? பின்பக்கத்தில் ஓர் உதை. அந்தச் சாவுக்கும் முறையான இசை உண்டு. அதே வருடம் ஹாண்டலின் ஓர் ஓபராவிலும் கடல்பூதம் வந்துபோனது என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் ருசி.

ஓபராவின் மேல் வெளியாட்கள் வைக்கும் முதல் குற்றச்சாட்டு, அவசரமான நேரத்தில் நின்று பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 'இல் திரவத்தோரே' இதில் சாம்பியன். தாயைச் சிதையில் ஏற்றுகிறார்கள், தீ மூட்டப் போகிறார்கள் என்ற செய்தி வருகிறது. மகன் உடனே ஓடாமல் நின்று, எரிகிற சிதையைப் பற்றி ஆவேசமாக ஒரு பாட்டைப் பாடி, உச்சஸ்தாயியைத் தொட்டு நிறுத்தி, அதன் பிறகுதான் கிளம்புகிறான். பாட்டு ரத்தத்தைக் கொதிக்க வைக்கிற பாட்டு என்பது வேறு விஷயம். வரிகள் எழுதும் கில்பர்ட்டும் இசையமைக்கும் சல்லிவனும் 1879-ல் 'பென்சான்ஸ் கடற்கொள்ளையர்'களில் இதை எடுத்துக்கொண்டார்கள். கொள்ளையரைப் பிடிக்கப் போகும் போலீஸார் "போகிறோம், போகிறோம்" என்று பிரமாதமான கோரஸ் பாடிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். தளபதி பொறுமையிழந்து, "ஆமாம், ஆனால் போகவில்லையே!" என்கிறார். அவ்வளவுதான் ஜோக். இதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்திருந்தாலும் கெட்டிருக்கும். அதே நாடகத்தில் கொள்ளையர்கள் "பூனைபோல் அடியெடுத்து வைக்கிறோம்" என்று கூரை அதிரப் பாடி, வரிக்கு வரி காலால் தரையை மிதிப்பார்கள்.

'இல் திரவத்தோரே'வில் ஒரு தாய் பழிவாங்கும் வெறியில் குழந்தை மாறிப்போய்த் தன் பிள்ளையையே நெருப்பில் எறிந்துவிடுவாள். கில்பர்ட் 1878-ல் 'பினஃபோர் கப்பல்' எழுதியபோது அந்தப் பயங்கரத்தை ஒரு செவிலியின் ஞாபகமறதியாக்கினார்: பட்டர்கப் என்ற அம்மாள் பல வருடங்களுக்கு முன் இரண்டு குழந்தைகளைக் கலந்துவிட்டேன் என்று கடைசிக் காட்சியில் பாடுகிறாள். அந்த நிமிடமே கேப்டன் சாதா மாலுமியாகிறார், மாலுமி கேப்டனாகிறான். அப்படியானால் இருவருக்கும் ஒரே வயது என்றாகிறதே, மாலுமி காதலிப்பதோ கேப்டனின் மகளை ஆயிற்றே என்று யாரும் கேட்பதில்லை. ஓபரா பார்த்துப் பழகியவர்கள் கேட்க மாட்டார்கள் என்பதுதான் கேலி. சல்லிவனின் இசையோ துளியும் கண்ணடிக்காது. அவர் இசையும் சேர்ந்து கோமாளித்தனம் செய்திருந்தால் கில்பர்ட்டின் வரிகள் நொண்டியிருக்கும் என்பது என் கட்சி.

இனி ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர். ஓபராக் கேலிக்காரர்களுக்கு அவர் அட்சயபாத்திரம். அவருடைய 'தான்ஹாய்சர்' வியன்னாவின் அரசவை ஓபராவுக்கு 1859-ல்தான் வந்தது. அதன் கேலியை நாடகக்காரர் நெஸ்ட்ராய் 1857-லேயே அதே ஊரில் போட்டுவிட்டார். ஆனால் வாக்னரைக் கேலி செய்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் அவருடைய பக்தர்கள். இமானுவேல் ஷாப்ரியே பாரிஸில் உள்துறை அமைச்சகத்தில் குமாஸ்தா. 1880-ல் மியூனிக் போய் வாக்னரின் 'டிரிஸ்டன்' ஓபரா கேட்கும்போது, செல்லோக்களின் முதல் சுரத்துக்கே குலுங்கி அழுதாராம். ஊர் திரும்பி வேலையை விட்டுவிட்டு முழுநேர இசைக்கு வந்தார். அதே ஷாப்ரியே சில வருடம் கழித்து 'மியூனிக் நினைவுகள்' என்று நான்கு கைகள் சேர்ந்து வாசிக்கும் ஒரு பியானோ உருப்படி எழுதினார். நான்கு மணி நேரம் தீராமல் இழுபட்டு மரணத்தில்தான் தணியும் டிரிஸ்டனின் ஏக்கம், அதில் விருந்து மண்டபத்தில் ஜோடி ஜோடியாக ஆடும் குவாட்ரில் நடனம் ஆகிவிட்டது. இசையமைப்பாளர்கள் ஃபோரேயும் மெஸ்ஸாஜேயும் வாக்னரின் 'ரிங்' என்ற நான்கு ஓபராக்களின் மெட்டுகளை வைத்து 'பாய்ரூத் நினைவுகள்' என்று இதே வேலையைச் செய்தார்கள். எந்தக் கருப்பொருள் (ஒரு பாத்திரத்தையோ பொருளையோ குறிக்கும் மெட்டு) எந்த இடத்தில் வருகிறது என்று நுணுக்கமாகத் தெரிந்தவர்களுக்கே இதில் முழுச் சிரிப்பும் கிடைக்கும். தெரியாதவர்களுக்கு அது வெறும் நல்ல நடன இசை. அதிலும் நஷ்டமில்லை.

'ரிங்' பற்றிப் பேசிவிட்டு அன்னா ரஸ்ஸலைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1911-ல் பிறந்து 2006-ல் மறைந்தவர். லண்டன் ராயல் காலேஜில் முறையாகப் படித்தவர். அவருடைய புகழ்பெற்ற நிகழ்ச்சியின் பெயர் 'நிபெலுங்களின் மோதிரம்: ஒரு பகுப்பாய்வு'. மாதர் சங்கத்தில் ஓபரா அறிமுகம் செய்ய வந்த அம்மாள் மாதிரி பியானோ பக்கத்தில் நின்றுகொண்டு, நான்கு இரவுகள், சுமார் பதினைந்து மணி நேரம் ஓடும் கதையை அரை மணிக்குள் சொல்லி முடிப்பார். கருப்பொருள் மெட்டுகளைச் சரியாக வாசித்துக் காட்டுவார். கதையில் எதையும் சேர்ப்பதில்லை, கூட்டுவதில்லை. அதைத்தான் நடுநடுவே, "இதெல்லாம் நானாகச் சொல்வதில்லை, தெரியுமா!" என்று சத்தியம் செய்வார்.

அவர் அப்படிச் சத்தியம் செய்யும் ஓர் இடம் உறவுமுறை. ஸீக்மூண்டும் ஸீக்லிண்டாவும் வோடான் தேவனின் பிள்ளைகள், அண்ணன் தங்கை. அவர்களுக்கே பிறந்த பிள்ளை ஸீக்ஃபிரீட். நெருப்பு வளையத்துக்குள் தூங்கும் புரூன்ஹில்டாவும் வோடானின் மகள். ஆகவே அப்பா வழியில் பார்த்தால் அவள் ஸீக்ஃபிரீடுக்கு அத்தை. அம்மா வழியில் பார்த்தால் பெரியம்மாவோ சித்தியோ. அத்தை மகள் வரை நமக்கு ஆட்சேபணை இல்லை. இது அத்தையேதான். பின்னால் கூட்ரூனே என்ற பெண் வரும்போது ரஸ்ஸல் சொல்வார்: ஸீக்ஃபிரீட் வாழ்க்கையில் சந்தித்த பெண்களில் அவனுக்கு அத்தை முறை ஆகாத முதல் ஆள் இவள்தான். முழுக்க உண்மை. வாக்னரிடம் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இன்னும் சொன்னால், சில இடங்களில் கேலிக்காரரே தேவைப்படுவதில்லை. பெண் என்ற இனத்தையே பார்த்திராத ஸீக்ஃபிரீட், தூங்கும் வீரன் என்று நினைத்துப் புரூன்ஹில்டாவின் மார்புக் கவசத்தைக் கழற்றிவிட்டு, "இது ஆண் இல்லை!" என்று அலறுகிறான். ஓபரா அரங்குகளில் நமட்டுச் சிரிப்பு கிளம்பும் இடம் அது. அந்த நேரத்து இசையோ கேட்டவர் நெஞ்சைப் பிசையும். இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன.

1957-ல் சக் ஜோன்ஸ் இயக்கிய வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன் ஒன்று, மொத்த வாக்னரையும் ஏழு நிமிடத்துக்குள் அடக்கியது. வேட்டைக்காரர் எல்மர் ஃபட் ஈட்டியும் மாயத் தலைக்கவசமுமாக ஸீக்ஃபிரீட். பக்ஸ் பன்னி என்ற முயல் பொன்னிறக் கூந்தல் வைத்துக்கொண்டு, உருண்டு திரண்ட வெள்ளைக் குதிரையில் புரூன்ஹில்டாவாக இறங்கி வருகிறது. 'வால்கிரிகளின் சவாரி' என்ற வாக்னர் மெட்டுக்கு எல்மர் "முயலைக் கொல்லு" என்று பாடுகிறார். வார்த்தை அபத்தம், ஆர்க்கெஸ்ட்ரா முழு அளவு, வாசிப்பில் விளையாட்டே இல்லை. ஓவியர் மாரிஸ் நோபிள் வரைந்த பின்னணிகள் பல நிஜ ஓபரா அரங்கத்தையே வெட்கப்பட வைக்கும். முயல் செத்துவிட்டது என்று நினைத்து எல்மர் அழுதுகொண்டே அதைத் தூக்கிப் போகும்போது, கார்ட்டூன் என்று தெரிந்தும் எனக்குக் கொஞ்சம் என்னவோ செய்யும். உடனே முயல் தலையைத் தூக்கி, ஓபராவில் வேறென்ன எதிர்பார்த்தீர்கள், சுபமான முடிவா என்று நம்மிடம் கேட்கும். 1992-ல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்தார்கள்.

அமெரிக்க நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்கள் 1935-ல் 'ஓபராவில் ஓர் இரவு' எடுத்தபோதும் இந்தச் சூட்சுமம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் நாசம் செய்வதும் 'இல் திரவத்தோரே'தான், வேறெது! வாத்தியக்காரர்களின் தாள்களுக்கு நடுவே பேஸ்பால் மைதானப் பாட்டைச் செருகிவிடுகிறார்கள். மும்முரமாக வாசித்துக்கொண்டு வந்த ஆர்க்கெஸ்ட்ரா பக்கம் திரும்பியதும் அதே சிரத்தையோடு பேஸ்பால் பாட்டை வாசிக்கிறது. திரைச்சீலைகள் மாறி மாறி விழ, பாடகருக்குப் பின்னால் போர்க்கப்பல் வருகிறது. இத்தனைக்கும் நடுவில் காதல் ஜோடியாக வரும் கிட்டி கார்லைலும் ஆலன் ஜோன்ஸும் உண்மையாகவே நன்றாகப் பாடுகிறார்கள். கலாட்டா முடிந்து கடைசியில் அவர்கள் பாடும்போது பார்வையாளர் சும்மா உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று படமே நினைக்கிறது.

சுருதி விலகுவதைக் காட்டிச் சிரிக்க வைப்பது எனக்கு ஏனோ ஒட்டுவதில்லை. சுருதியே சேராத பாடகி ஃப்ளாரன்ஸ் ஃபாஸ்டர் ஜென்கின்ஸ் 1944 அக்டோபரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பாடிய கதை எல்லோருக்கும் தெரியும். மோட்சார்ட்டின் இரவுராணி பாட்டை அவர் பாடிய பதிவை விருந்துகளில் போட்டுச் சிரிப்பார்கள். அந்த அம்மாள் கேலி செய்யவில்லை, மனப்பூர்வமாகப் பாடினார்; ஒரு மாதத்தில் இறந்தும் போனார். அதில் மோட்சார்ட்டைப் பற்றியோ ஓபராவைப் பற்றியோ எனக்கு எதுவும் புதிதாகத் தெரிவதில்லை. கூட்டம் ஒரு தனியாளைப் பார்த்துச் சிரிக்கிறது, அவ்வளவே.

இதைப் படித்துவிட்டு யாராவது கேட்க ஆரம்பித்தால், குளுக்கின் அந்தப் பாட்டை முதலில் கேளுங்கள், பிறகு ஆஃபன்பாக்கிடம் போங்கள். நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டால் நல்லது. கில்பர்ட்-சல்லிவனுக்கு எந்த முன்தயாரிப்பும் வேண்டாம், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். அன்னா ரஸ்ஸலை மட்டும், எப்போதாவது 'ரிங்' முழுவதையும் அரங்கில் பார்க்கும் வாய்ப்பு இருந்தால், பார்த்து முடித்த பிறகு கேளுங்கள். முன்னாலேயே கேட்டுவிட்டுப் போனால், நான்காம் இரவு கூட்ரூனே மேடைக்கு வந்ததுமே உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவள் வாயே திறந்திருக்க மாட்டாள், பக்கத்து இருக்கைக்காரர் திரும்பி முறைப்பார்.